ஸ்பீக்கரில் கடுகு வெடித்தால்: கணினியின் கரகர சத்தத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

எதிர் புளோக்கில் இருக்கும் அக்கா ஒருவர் ஒரு சனிக்கிழமை மதியம் கூப்பிட்டார். "தம்பி, கம்ப்யூட்டர்ல ஒலி 96.8 வானொலி போட்டா கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம் வருது. வைரஸா இருக்குமோ?" போய் உட்கார்ந்தேன். ஒலியை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். விண்டோஸ் அப்டேட் ஓடி முடியும்வரை காத்திருந்தேன். இடையில் இரண்டு முறை தேநீர் வந்தது. மூன்று மணி நேரம் கழித்து, மேசைக்கு அடியில் விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோது தோள் ஸ்பீக்கர் வயரில் பட்டது. சத்தம் நின்றது. தோளை எடுத்தேன், மறுபடியும் கடுகு. கணினிப் பெட்டியின் பின்னால் இருந்த பச்சைத் துளையில் பிளக் முழுதாக இறங்காமல் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நின்றுகொண்டிருந்தது. வீடு கூட்டும்போது துடைப்பம் பட்டிருக்க வேண்டும்.

"அவ்வளவுதானா?" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்க்காமல், எனக்குத் தெரிந்த இடத்தில் தோண்ட ஆரம்பித்ததுதான் அன்று நான் செய்த தவறு. கணினி கொஞ்சம் தெரிந்தவர்கள் பலரும் இப்படித்தான். கை தானாக டிரைவருக்குப் போய்விடும். அன்றிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் காது, அப்புறம் வயர், அதற்கும் அப்புறம்தான் செட்டிங்ஸ். டிரைவர் கடைசி. இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது. விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் மேசைக் கணினி, ஒரு ஜோடி ஸ்பீக்கர், வயர் உள்ள ஒரு ஹெட்போன், இவ்வளவு இருந்தால் போதும். பெரிய செலவுப் பேச்சு கடைசியில்தான் வரும்.

ஒலி எந்த வழியாக வருகிறது

பாட்டு கணினிக்குள் இருக்கும்வரை வெறும் எண்கள்தான். பாட்டு ஓட்டும் செயலி அந்த எண்களை விண்டோஸிடம் கொடுக்கிறது. விண்டோஸ் அவற்றை டிரைவர் வழியாக, பெட்டிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் உள்ள ஒலிச் சிப்புக்கு அனுப்புகிறது. அந்தச் சிப்தான் எண்களை மின்னலையாக மாற்றுகிறது. அதன் பிறகு ஜாக் என்ற துளை, வயர், ஸ்பீக்கருக்குள் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், கடைசியில் காற்றை உதைக்கும் கூம்பு. சிப்புக்கு இந்தப் பக்கம் எண்கள், அந்தப் பக்கம் மின்சாரம். கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. செட்டிங்ஸை எத்தனை முறை மாற்றினாலும் அறுந்த வயர் ஒட்டப்போவதில்லை. எவ்வளவு உசத்தியான வயர் வாங்கினாலும் டிரைவர் கோளாறு தீராது.

முதலில் காது கொடுங்கள்

எல்லாச் சத்தத்தையும் "கரகர" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் உற்றுக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருப்பது தெரியும்.

கடுகு வெடிப்பது போலத் திடீர் திடீரென்று வந்தால் இரண்டே சந்தேகங்கள். வயரை அசைக்கும்போது கூடிக் குறைந்தால் எங்கேயோ தொடர்பு சரியில்லை. வயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல், பெரிய ஃபைலை இறக்கும்போதோ விளையாட்டு ஓடும்போதோ மட்டும் வந்தால், கணினி நேரத்துக்கு எண்களைக் கொடுக்க முடியாமல் திணறுகிறது.

பாட்டே ஓடாதபோதும் தம்புரா சுருதி மாதிரி விடாமல் ஒரு "ங்ங்ங்" கேட்டால், அது சுவரிலிருந்து வருகிற மின்சாரம். சிங்கப்பூரில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50-உம் அதன் இரட்டிப்பான 100-உம்தான் ஸ்பீக்கரில் சுருதி பிடிக்கின்றன.

மவுஸை நகர்த்தினால் "ஜிர்ர்", பக்கத்தை மேலும் கீழும் ஓட்டினால் "கீஈஈ" என்று கூடவே வந்தால், பெட்டிக்குள் இருக்கும் மற்ற பாகங்களின் மின் இரைச்சல் ஒலி வயரில் கலக்கிறது. இதையும் பலர் வைரஸ் என்றே நினைக்கிறார்கள்.

சத்தத்தைக் கூட்டினால் மட்டும் குரல் பிசிறடித்தால், ஏதோ ஓர் இடத்தில் அளவு மீறுகிறது, அல்லது கூம்பு கிழிந்திருக்கிறது. எல்லாமே தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி இருந்து, நீங்கள் புளூடூத் ஹெட்போனும் போட்டிருந்தால், கீழே புளூடூத் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். மற்றதெல்லாம் உங்களுக்கு வேண்டாம்.

இன்னொரு குணம் அபூர்வமாக வரும், வந்தால் ஆளையே குழப்பிவிடும். வாத்தியங்கள் எல்லாம் கேட்கும், பாடகரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் போய்விட்டது போல இருக்கும். பிளக்கின் அடிப்பாகத்தில் இருக்கும் பொதுவான தொடர்பு விட்டுப்போனால் இப்படி ஆகும். இடது வலது இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பது ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. குரலைப் பெரும்பாலும் நடுவில்தான் வைத்துப் பதிவு செய்கிறார்கள், அதனால் குரல்தான் முதலில் காணாமல் போகும். பிளக்கை அழுத்திச் செருகினால் பாடகர் திரும்பி வந்துவிடுவார்.

வழியைப் பாதியாக வெட்டுங்கள்

இப்போது பத்து நிமிட வேலை.

ஒன்று, வேறு ஒலியைப் போட்டுப் பாருங்கள். ஐம்பதுகளின் பாட்டாக இருந்தால், இசைத்தட்டில் ஊசி உரசிய சத்தம் பதிவிலேயே இருக்கும். அதை எந்த டிரைவராலும் எடுக்க முடியாது. ஒரு செய்தி ஒளிவழி, ஒரு புதிய பாட்டு, கணினியிலேயே சேமித்து வைத்த ஒரு ஃபைல், மூன்றையும் கேளுங்கள். வானொலியில் மட்டும் கரகரத்து ஃபைல் சுத்தமாக இருந்தால் இணைய இணைப்பையோ பிரவுசரையோ பாருங்கள். பெட்டியைத் தொட வேண்டாம்.

இரண்டு, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அதே துளையில் ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். சுத்தமாகக் கேட்டால் கணினியை விட்டுவிடலாம். வயரோ ஸ்பீக்கரோதான் காரணம். ஹெட்போனிலும் கரகரத்தால் பெட்டிக்குள் தேட வேண்டும்.

மூன்று, அதே ஸ்பீக்கர் வயரைக் கைப்பேசியில் செருகிப் பாட்டு ஓட்டுங்கள். இப்போது வரும் பல கைப்பேசிகளில் உருண்டைத் துளையே இல்லை. பழைய கைப்பேசியோ மடிக்கணினியோ இருந்தால் போதும். இங்கேயும் கரகரத்தால் ஸ்பீக்கர் பக்கம்தான் கோளாறு என்று உறுதி.

நான்காவது சோதனை கொஞ்சம் தந்திரமானது, எனக்கு மிகவும் பிடித்தது. ஓபிஎஸ் போன்ற இலவசத் திரைப்பதிவு மென்பொருளில் கணினியின் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அந்த ஃபைலை உங்களுக்கே அனுப்பிக் கைப்பேசியில் கேளுங்கள். பதிவிலும் கடுகு வெடித்தால் கோளாறு எண்களின் பக்கம், மென்பொருளில். பதிவு சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் மின்சாரத்தின் பக்கம். "பெரும்பாலும்" என்கிறேன், ஏனென்றால் பதிவு பிடிக்கும் இடத்துக்கும் சிப்புக்கும் நடுவில் டிரைவர் திணறினால் அது பதிவில் விழாது.

சோதனைகளின் முடிவை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அரை மணி நேரத்தில் எது எந்தத் துளையில் எப்படிக் கேட்டது என்பது மறந்துவிடும்.

வயர், துளை, பிளக்

பெட்டியின் பின்புறம் மூன்று வண்ணத் துளைகளாவது இருக்கும். பச்சை ஒலி வெளியே போகும் வழி. நீலம் வெளியிலிருந்து ஒலி உள்ளே வரும் வழி. இளஞ்சிவப்பு மைக். சில புதிய மதர்போர்டுகளில் வண்ணமே இல்லாமல் கறுப்பாக இருக்கும். பக்கத்தில் பொறித்திருக்கும் சின்னத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிளக்கை வெளியே எடுங்கள். அதன் உலோகத்தில் பளபளப்பு போய் மங்கலாக, சில இடங்களில் பழுப்பாக இருக்கிறதா? இங்கே ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். ஏர்கான் ஓடும் அறையில் கொஞ்சம் தேவலாம், ஜன்னல் திறந்தே இருக்கும் வரவேற்பறையில் உலோகம் சீக்கிரம் மங்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு ஒட்டாத துணியில் தொட்டு, பிளக்கை நுனி முதல் அடிவரை துடையுங்கள். காய்ந்த பிறகு துளையில் பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். உள்ளே இருக்கும் அழுக்கும் உரசிப் போகும். கணினியும் ஸ்பீக்கரும் அணைந்திருக்கும்போது செய்யுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயைத் துளைக்குள் அடிக்காதீர்கள். எண்ணெயில் தூசி ஒட்டி ஆறு மாதத்தில் இன்னும் மோசமாகும்.

அடுத்து, பாட்டு ஓடும்போது வயரை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலால் மெல்ல வளைத்துக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் பிளக்கிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில்தான் வயர் உள்ளே அறுந்திருக்கும், ஏனென்றால் தினமும் மடங்குவது அந்த இடம்தான். அங்கே தொட்டால் கடுகு வெடிக்கும். வயர் கழற்றிப் போடக்கூடியதாக இருந்தால் சில வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) புதிது வாங்கிவிடலாம்.

ஸ்பீக்கரின் ஒலிக்குமிழைத் திருகும்போது மட்டும் "கர்ர்" என்று வருகிறதா? குமிழுக்குள் இருக்கும் தடத்தில் அழுக்கு. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை இருபது முப்பது முறை திருகுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், பாதிக்குமேல் இதிலேயே சரியாகிவிடுகிறது.

முன்பக்கத் துளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹெட்போனை எட்டிச் செருக வசதியாக இருக்கிறது என்று எல்லோரும் பெட்டியின் முன்பக்கத் துளையைத்தான் பயன்படுத்துகிறோம். அந்தத் துளையிலிருந்து ஒரு மெல்லிய வயர், பெட்டிக்குள் கிராஃபிக்ஸ் கார்டையும் மின்விசிறிகளையும் தாண்டி மதர்போர்டின் ஒரு மூலைவரை போகிறது. போகிற வழியில் எல்லா இரைச்சலையும் பொறுக்கிக்கொண்டே போகும். நண்பர் மகனின் விளையாட்டுக் கணினியில் மவுஸை அசைத்தால் ஹெட்போனில் "ஜிர்ர்" என்று வந்தது. ஹெட்போனைப் பின்பக்கப் பச்சைத் துளைக்கு மாற்றினோம், ஒரு நீட்டு வயர் போட்டு மேசைக்கு மேலே கொண்டுவந்தோம். முடிந்தது. அந்தப் பையன் புது ஹெட்போன் கேட்கத் தயாராக இருந்தான். அவன் முகத்தில் ஏமாற்றம்தான் தெரிந்தது.

விடாத சுருதி

"ங்ங்ங்" சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம், கணினியும் ஸ்பீக்கரும் இரண்டு வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகியிருப்பது. கணினி ஒரு சுவர் பிளக்கில், ஸ்பீக்கரோ அதோடு இணைத்த தொலைக்காட்சியோ அறையின் இன்னொரு மூலையில். இரண்டு எர்த்துக்கும் நடுவே நூலிழை அளவு வித்தியாசம் இருந்தாலும் ஒலி வயரின் வழியாக ஒரு சுற்று உண்டாகிவிடும். அந்தச் சுற்றில் ஓடும் மின்னோட்டம்தான் காதில் விழுகிறது.

இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகிப் பாருங்கள். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு இதுவே போதுமாக இருந்தது. தொலைக்காட்சியோடு இணைத்திருந்தால், அதன் ஆன்டெனா வயரை ஒரு நிமிடம் கழற்றிவிட்டுக் கேளுங்கள். சுருதி நின்றால் திருடன் அங்கேதான் இருக்கிறான். அப்படியும் போகவில்லை என்றால், ஒலி வயரின் நடுவில் மாட்டுகிற ஐசொலேட்டர் என்ற சின்ன உருளை கிடைக்கிறது. அதற்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் ஒலியை மட்டும் கடத்தி, மின் தொடர்பை அறுத்துவிடும். சிம் லிம் டவரில் வயர், பிளக், உதிரிபாகம் விற்கும் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மலிவான ஐசொலேட்டரில் அடித்தொனி கொஞ்சம் மெலியும். தவில் கேட்கிறவர்களுக்குத் தெரியும், செய்தி கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

எர்த் காலை வெட்டிவிடச் சொல்லும் யோசனை இணையத்தில் அங்கங்கே சுற்றுகிறது. சத்தம் நிற்கும், அது உண்மை. ஆனால் பெட்டிக்குள் மின்கசிவு வந்தால் அது போக வழி இல்லாமல், பெட்டியைத் தொடுகிறவர் மேல் பாயும். செய்யவே கூடாது.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் இருக்கும் ஊரிலிருந்து பெட்டியில் வைத்து எடுத்துவந்த ஸ்பீக்கர். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அதில் பிரச்சினை இல்லை. அதன் உருண்டைக் கால்களை இங்கத்திய செவ்வகத் துளைக்கு மாற்ற ஒரு பயண அடாப்டரை மாட்டுகிறோமே, அதில் கால்கள் ஆடும். ஆடும்போதெல்லாம் உள்ளே சின்னதாகப் பொறி தட்டும், ஸ்பீக்கரில் "டப், டப்" என்று கேட்கும். அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உடனே நிறுத்திவிட்டு, பாதுகாப்பு முத்திரை உள்ள நல்ல அடாப்டராக வாங்குங்கள், அல்லது மின்வேலை தெரிந்தவரிடம் கொடுத்து 13 ஆம்பியர் பிளக்கை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு கால் பிளக்கைச் செருக எர்த் துளையில் பேனாவைக் குத்தும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அதையும் விட்டுவிடலாம்.

சத்தம் கூட்டினால் மட்டும் பிசிறு

ஒலியின் அளவை மூன்று இடங்களில் கூட்டலாம்: செயலியில், விண்டோஸில், ஸ்பீக்கர் குமிழில். மூன்றையும் உச்சத்தில் வைத்தால் ஏதோ ஒன்று தாங்காது. எண்களுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அதைத் தாண்டும் அலையின் தலை சீவினது போலத் தட்டையாகிவிடும், காதுக்குப் பிசிறாகக் கேட்கும். விஎல்சி பிளேயரில் ஒலியை 125 சதவீதம்வரை ஏற்ற முடியும். நூறுக்கு மேல் போனாலே ஆபத்துதான். அடித்தொனி, மேல்தொனியைத் தனித்தனியாகக் கூட்டும் ஈக்வலைசரில் எல்லாப் பட்டைகளையும் மேலே தள்ளி வைத்திருப்பதும் அதே கதை. செயலியில் 100, விண்டோஸில் 80 வாக்கில் வைத்துவிட்டு, கூட்டுவதும் குறைப்பதும் ஸ்பீக்கர் குமிழில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைக் குறைத்தும் பிசிறு போகவில்லை என்றால் ஸ்பீக்கரின் முன் வலையைக் கழற்றிக் கூம்பைப் பாருங்கள். கூம்பின் விளிம்பில் ஸ்பஞ்ச் வளையம் இருக்கும் பழைய வகை என்றால், இந்த ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அது சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும். விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டும். அது மென்பொருளில் தீராது. வளையம் மாற்றலாம், சின்ன ஸ்பீக்கருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

கூம்பும் நன்றாக இருந்தால் ஸ்பீக்கரைத் தூக்கிக் கையில் பிடித்துக்கொண்டு கேளுங்கள். சிரிக்காதீர்கள். என் வீட்டிலேயே நாதஸ்வரக் கச்சேரி போட்டால் குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் "கிர்ர்ர்" என்று ஓர் அதிர்வு வந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கர் இருந்த அதே அலமாரித் தட்டில், கொஞ்சம் தள்ளி, பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று. அதன் உச்சிப் பகுதியின் திருகு தளர்ந்திருந்தது. இறுக்கினேன், கச்சேரி சுத்தமானது.

விண்டோஸ் செட்டிங்ஸ்

இதுவரை எல்லாம் சரியாக இருந்து, ஹெட்போனிலும் கடுகு, பதிவிலும் கடுகு என்றால் இப்போது செட்டிங்ஸுக்குள் போகலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், கேளுங்கள், பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்றும் தெரியாது, எது புதிதாகக் கெடுத்தது என்றும் தெரியாது.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் ஸ்பீக்கரின் பெயரைத் தட்டுங்கள். அங்கே 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதை 'ஆஃப்' ஆக்குங்கள். ஒலியை மெருகேற்றுகிறேன் என்று சொல்லி நடுவில் நிற்கும் இந்த வேலைதான் பல கணினிகளில் வினை. 'ஸ்பேஷியல் சவுண்ட்' இருந்தால் அதையும் அணையுங்கள். விண்டோஸ் 10-ல் சவுண்ட் பக்கத்திலிருந்து 'சவுண்ட் கன்ட்ரோல் பேனல்' திறந்து, ஸ்பீக்கரை இரண்டு முறை தட்டினால் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' தாள் வரும்.

அதே இடத்தில் 'ஃபார்மட்' என்று இன்னொன்று. 24 பிட் 192000 ஹெர்ட்ஸ் என்று பெரிய எண்ணாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் 48000 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் 44100. பெரிய எண் போட்டால் பாட்டு இனிக்கும் என்பது வெறும் ஆசை. குறுந்தட்டே 16 பிட் 44100 ஹெர்ட்ஸ்தான்.

ஒரு செயலியைத் திறந்தவுடன் மட்டும் மற்றதெல்லாம் கரகரத்தால், 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' வழியே பழைய ஒலிப் பலகையைத் திறந்து, ஸ்பீக்கரின் 'அட்வான்ஸ்ட்' தாளில் 'எக்ஸ்குளூசிவ்' என்று தொடங்கும் பகுதியில் இருக்கும் இரண்டு டிக் குறிகளையும் எடுத்துவிடுங்கள். ஒரு செயலி மொத்த ஒலிப் பாதையையும் தனக்கென்று வளைத்துப் போடுவதை இது தடுக்கும்.

பந்தியில் சாதம் தீர்ந்தால்

கணினி வேலையாக இருக்கும்போது மட்டும் வரும் கடுகு தனி ரகம். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலிச் சிப் ஒரே வேகத்தில் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும் விருந்தாளி. அவர் நிறுத்தவும் மாட்டார், மெதுவாகவும் சாப்பிடமாட்டார். விண்டோஸ் பரிமாறுகிறவர். வழக்கமாக 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை வந்து பரிமாறுவார். 48000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு தடவைக்கு ஒவ்வொரு காதுக்கும் 480 எண்கள். அவரை வேறு யாராவது "இங்கே வா" என்று பிடித்து இழுத்து வைத்துக்கொண்டால், விருந்தாளியின் இலை காலியாகிவிடும். அந்தக் காலி இலைதான் "டப்".

இழுக்கிறவர் யார் என்று கண்டுபிடிக்க லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதை ஓடவிட்டு, வழக்கம்போலப் பாட்டுக் கேட்டுக்கொண்டே பத்து நிமிடம் வேலை செய்யுங்கள். எந்த டிரைவர் அதிக நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பெயரோடு காட்டும். பெயர் என்டிஐஎஸ் (ndis) என்று தொடங்கினால் இணையம் பக்கம். என்விஎல் (nvl) என்று தொடங்கினால் என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர்.

மென்பொருள் இறக்க மனமில்லை என்றால் ஒரு குறுக்குவழி: வைஃபையை அணைத்துவிட்டு, கணினியிலேயே இருக்கும் ஃபைலை ஓட்டிக் கேளுங்கள். கடுகு நின்றுவிட்டால் வைஃபை டிரைவரைப் புதுப்பியுங்கள். அதிலும் போகவில்லையா, கிராஃபிக்ஸ் டிரைவர். அதற்கும் அப்புறம் செட்டிங்ஸில் 'பவர்' பகுதிக்குப் போய் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' வையுங்கள். மின்சாரம் மிச்சப்படுத்த அடிக்கடி கண்ணயரும் கணினி, எழுந்து வருவதற்குள் இலை காலியாகிவிடுகிறது.

ஏஎம்டி ரைசன் கணினியில் விண்டோஸ் 11 ஓடி, எப்போதாவது எல்லாமே ஒரு கணம் திக்கி ஒலியும் சிதறுகிறது என்றால், கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் பாருங்கள். பாதுகாப்புக்காக வைத்த எஃப்டிபிஎம் என்ற பகுதி, மதர்போர்டின் நினைவகச் சிப்போடு நீண்ட நேரம் பேசும்போது சில கணினிகள் இப்படித் திக்கும் என்று 2022-ல் ஏஎம்டி நிறுவனமே சொன்னது, திருத்திய பயாஸை மதர்போர்டு தயாரிப்பாளர்கள் வெளியிட்டார்கள். பயாஸ் புதுப்பிக்கும்போது மின்சாரம் போகக்கூடாது. பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் ஒலி டிரைவர். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, ஒலிச் சாதனங்கள் வரிசையில் 'ரியல்டெக்' என்று இருப்பதைத் திறங்கள். சமீபத்தில் அப்டேட் ஆன பிறகுதான் சத்தம் தொடங்கியது என்றால் 'ரோல் பேக் டிரைவர்' தட்டுங்கள், பழையதற்குத் திரும்பும். இல்லையென்றால் மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரை எடுத்துப் போடுங்கள். "ஒரே தட்டில் எல்லா டிரைவரும்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள்.

புளூடூத்தும் யுஎஸ்பியும்

புளூடூத் ஹெட்போன் தகர டப்பாவாக ஒலிப்பது பெரும்பாலும் கோளாறே இல்லை. பாட்டுக்கு ஒரு விதம், தொலைபேசிப் பேச்சுக்கு இன்னொரு விதம் என்று புளூடூத் இரண்டு வழியில் வேலை செய்கிறது. ஹெட்போனின் மைக்கை ஏதாவது செயலி திறந்தால் இரண்டாவது விதத்துக்குத் தாவிவிடும், தரம் படுத்துவிடும். பிள்ளை இணையத் துணைப்பாட வகுப்பை முடித்துவிட்டு ஜூமை மூடாமல் பாட்டுப் போட்டால் அப்படித்தான் கேட்கும். ஜூமை மூடுங்கள். பேசும்போதும் நல்ல தரம் வேண்டும் என்றால் தனி மைக் ஒன்றைச் செருகி அதைத் தேர்ந்தெடுங்கள்.

விட்டுவிட்டுக் கேட்டால் நெரிசல். அடுக்குமாடியில் மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடு என்று எல்லோருடைய வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொள்கிறது, புளூடூத்தும் அதே சந்தில்தான். உங்கள் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். கணினியில் செருகும் புளூடூத் டாங்கிள் இருந்தால் அதை நீல நிற யுஎஸ்பி 3.0 துளையிலிருந்து எடுத்துத் தள்ளி வையுங்கள். அந்தத் துளையும் அதில் செருகிய வன்தட்டும் இதே அலைவரிசையில் இரைச்சல் போடும்.

யுஎஸ்பி ஹெட்போன் கரகரத்தால், ஒரு துளையைப் பலவாக்கும் ஹப்பில் செருகாமல் பெட்டியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

கடைசியில் காசு

எல்லாம் செய்தும் பெட்டிக்குள் பிறக்கும் இரைச்சல் போகவில்லை என்றால், ஒலிச் சிப்பையே பெட்டிக்கு வெளியே கொண்டுவந்துவிடலாம். விரல் நீளத்துக்கு யுஎஸ்பி சவுண்ட் அடாப்டர் பத்து இருபது வெள்ளிக்கே கிடைக்கும். சவுண்ட் கார்டு, அதாவது ஒலிச் சிப் உள்ள தனி அட்டை, சிங்கப்பூருக்கு அந்நியமில்லை. 1981-ல் சிம் வோங் ஹூ சைனாடவுனில் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு கணினி பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கியதுதான் கிரியேட்டிவ் நிறுவனம். அது 1989-ல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் என்ற கார்டுதான் உலகம் முழுக்கக் கணினிக்குக் குரல் கொடுத்தது. இன்று மதர்போர்டிலேயே ஒலிச் சிப் வந்துவிட்டதால் தனி கார்டு யாருக்கும் கட்டாயமில்லை. மின் இரைச்சல் உள்ள பெட்டிக்குள்ளேயே இன்னொரு கார்டைச் செருகுவதைவிட, வெளியே வைக்கும் யுஎஸ்பி அடாப்டர்தான் என் தேர்வு.

கடைக்கே எடுத்துப்போவதாக இருந்தால், சிம் லிம் ஸ்குவேரோ உங்கள் வட்டாரக் கடையோ, சோதனை முடிவுகள் எழுதிய தாளையும் பதிவு செய்த ஃபைலையும் கூடவே கொண்டுபோங்கள். "சத்தம் சரியில்லை" என்று சொன்னால் விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருவார்கள். "பின்பக்கத் துளையில், வேறு ஹெட்போனிலும் வருகிறது, பதிவில் இல்லை, கைப்பேசியில் செருகினால் ஸ்பீக்கர் சுத்தம்" என்று சொன்னால் நேராக ஒலிச் சிப்பைப் பார்ப்பார்கள். செய்யும் முன் கூலி எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரையும் அதன் வயரையும் மறக்காமல் எடுத்துப்போங்கள். நான் ஒருமுறை பெட்டியை மட்டும் தள்ளுவண்டியில் வைத்துப் பெருவிரைவு ரயிலில் கொண்டுபோனேன். கடைக்காரர் தன் ஸ்பீக்கரில் மாட்டிக் காட்டினார், கண்ணாடி மாதிரி கேட்டது. வீட்டுக்கு வந்து மாட்டினேன், மறுபடியும் கடுகு.